ஆல் பாஸா, அதே வகுப்பா? எட்டாம் வகுப்பு வரையிலான தேர்ச்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுத் தேர்வு முடியும் ஏப்ரல், மே மாதங்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைச் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது எளிது. இந்த விவாதத்தில் நான் நடுநிலையாளன் அல்ல. எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அதே வேளையில், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாமல் அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பதும் சட்டத்தை மீறுவதுதான் என்று கருதுகிறேன்.

1. எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயில் போடக் கூடாது என்கிறார்களே, அது சட்டமா, இல்லை பள்ளிக்கூடத்து வழக்கமா?

சட்டம்தான். குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் சேர்ந்த எந்தக் குழந்தையையும் தொடக்கக் கல்வி முடியும் வரை எந்த வகுப்பிலும் நிறுத்தி வைக்கக் கூடாது, பள்ளியிலிருந்து வெளியேற்றவும் கூடாது என்று அதன் 16-ஆவது பிரிவு கூறியது. தொடக்கக் கல்வி என்று அந்தச் சட்டம் குறிப்பது ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளை.

பலர் அறியாத பகுதி ஒன்றும் அதே சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. குழந்தையின் கற்றலை ஆண்டு முழுவதும் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று 29-ஆவது பிரிவு சொல்கிறது. நிறுத்தி வைக்காதே என்ற ஒரு பாதி மட்டும் ஊரெங்கும் பரவி, கூடுதலாகக் கற்பி என்ற மறுபாதி மறக்கப்பட்டதுதான் இந்த விவாதத்தில் உள்ள பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

2. அந்தச் சட்டத்தை 2019-இலேயே மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

மாற்றினார்கள். 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டு இறுதியில் முறையான தேர்வு நடத்த வேண்டும். தேறாத குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, முடிவு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால், அந்தக் குழந்தையை ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இரண்டிலுமோ நிறுத்தி வைக்க 'உரிய அரசு' (எந்தப் பள்ளிக்கு எந்த அரசு என்பது கேள்வி 4-இல்), பள்ளிகளுக்கு அனுமதி அளிக்கலாம்.

இங்கே 'அளிக்கலாம்' என்பதுதான் முக்கியம். எந்த வகுப்பிலும் நிறுத்தி வைப்பதில்லை என்று முடிவெடுக்கும் உரிமையையும் அதே திருத்தம் அரசுகளுக்கு விட்டிருக்கிறது. எனவே மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறுபடுகிறது. 2024 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சக அதிகாரிகள் சொன்ன கணக்குப்படி 16 மாநிலங்களும் டெல்லி உள்ளிட்ட 2 ஒன்றியப் பகுதிகளும் கட்டாயத் தேர்ச்சியை, அதாவது யாரையும் நிறுத்தி வைக்காமல் மேலே அனுப்பும் முறையை, கைவிட்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு ஆகிய வகுப்புகளில் நிறுத்தி வைக்க இந்தத் திருத்தமும் எங்கும் இடம் கொடுக்கவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற தடையும் அப்படியே நீடிக்கிறது.

3. தமிழ்நாட்டில் இப்போது என்ன? ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வருகிறது என்று ஒருமுறை பெரிய பேச்சாக இருந்ததே?

அந்தப் பேச்சு உண்மையானதுதான். 2019 செப்டம்பரில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்தத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. தேர்வு நடக்கும் முன்பே, 2020 பிப்ரவரி 4 அன்று, அந்த ஆணை கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்குப் புதிய விதி (கேள்வி 4) வெளியிட்டபோதும், எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தமிழ்நாட்டில் தொடரும் என்று மாநிலப் பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அறிவித்தார். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின் நிலைப்பாடும் அதுவே.

கொரோனா காலத்தில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆல் பாஸை இதனுடன் சிலர் சேர்த்துப் பேசுகிறார்கள். அது பெருந்தொற்றுக்காக எடுத்த தற்காலிக நடவடிக்கை. இந்தச் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

4. என் மகள் தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே மாநில அரசு சொல்வது செல்லுமா?

செல்ல வேண்டும். பாடத்திட்டம் எந்த வாரியத்துடையது என்பதைச் சட்டம் பார்க்கவில்லை. பள்ளியை நிறுவி நடத்துவது யார் என்பதையே பார்க்கிறது. ஒன்றிய அரசு நிறுவிய, அதற்குச் சொந்தமான, அதன் கட்டுப்பாட்டில் உள்ள பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு 'உரிய அரசு' ஆகும். தமிழ்நாட்டில் உள்ள மற்ற எல்லாப் பள்ளிகளுக்கும், தனியார் சிபிஎஸ்இ பள்ளிகள் உட்பட, மாநில அரசுதான் உரிய அரசு. புதுச்சேரியில் அந்த ஒன்றியப் பகுதியின் அரசு முடிவெடுக்கும்.

கேந்திரிய வித்யாலயா போன்ற ஒன்றிய அரசின் பள்ளிகளில் நிலைமை வேறு. 2024 டிசம்பர் விதிகளின்படி, ஐந்திலும் எட்டிலும் மறுதேர்விலும் தேறாத பிள்ளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படலாம். அந்த விதிகளில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்புகளும் உள்ளன. தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது. நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும். எந்தப் பகுதியில் இடைவெளி இருக்கிறது என்று கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும். தலைமையாசிரியர் அத்தகைய பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். இவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

5. எல்லோரையும் பாஸ் போடப்போகிறார்கள் என்றால் பரீட்சை எதற்கு?

பிள்ளைக்கு எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கு. தமிழ்நாட்டில் 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை பாடநூல்கள் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டதும், தொடர் மதிப்பீடு புகுத்தப்பட்டதும் இந்த நோக்கத்தில்தான். செயல்பாடுகளுக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண், கற்றதைக் காட்டாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி போடப்பட்ட வகுப்பறைகளில் அந்த முறை வெறும் பதிவேட்டு வேலையாகச் சுருங்கிவிட்டது என்ற ஆசிரியர்களின் குறையில் நியாயம் உண்டு.

6. வாசிக்கவே தெரியாத பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்புவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் மீது மெய்யான அக்கறை கொண்ட ஆசிரியர்கள். அவர்களுடைய ஆதங்கம் சரியானது. ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாமல், நாள் முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் கொடுத்திருப்பது கல்வி அல்ல. ஓர் இருக்கை மட்டுமே.

ஆனால் அந்தத் துரோகம் எப்போது நடந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாள் என்று சட்டம் விதித்திருக்கிறது. இரண்டாம் வகுப்பிலேயே எழுத்துகளை அடையாளம் காணத் தடுமாறிய பிள்ளை, அதற்குப் பிறகு அத்தனை நூறு நாட்கள் நம் கண்முன் அமர்ந்திருந்தது. அந்த நாட்களில் எவரும் தனியாக எடுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் துரோகம். ஐந்தாம் வகுப்பின் கடைசி நாளில் தேர்ச்சிப் பட்டியலில் என்ன எழுதப்படுகிறது என்பது, ஏற்கெனவே நடந்து முடிந்ததன் பதிவு மட்டுமே. 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வந்துவிடாது.

நிறுத்தி வைக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. பள்ளியும் துறையும் செய்யத் தவறியதற்கு, பத்து வயதுப் பிள்ளை தன் வாழ்வின் ஓராண்டைக் கொடுக்க வேண்டியதாகிறது. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் போய் ஆண்டில் சில மாதங்களை இழந்த பிள்ளை, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை, பள்ளியில் பேசும் மொழியை வீட்டில் கேட்டறியாத பிள்ளை ஆகியோர்தாம் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெறுகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தடுமாறினால் அந்த மாதமே டியூஷன் தொடங்கிவிடுகிறது.

7. எங்கள் காலத்தில் பெயில் போட்டார்கள், அதனால்தான் நாங்கள் ஒழுங்காகப் படித்தோம்.

அப்படிப் படித்தவர்கள்தாம் இன்று இதைச் சொல்ல இருக்கிறார்கள். இரண்டு முறை தோற்று, ஆடு மேய்க்கவும் பட்டறைக்கும் போனவர்கள் இந்தக் கூட்டங்களுக்கு வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை.

இது புதிய கவலையும் அல்ல. 1929-இல், ஆங்கிலேயர் ஆட்சியில் கல்வியை ஆராய்ந்த ஹார்டாக் குழு, இந்தியத் தொடக்கக் கல்வியின் இரு பெரும் நோய்கள் என்று தேக்கத்தையும் விரயத்தையும் குறிப்பிட்டது. பிள்ளைகள் ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது தேக்கம்; படிப்பை முடிக்காமலே நின்றுவிடுவது விரயம். 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில் 18 பேர்தான் 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தார்கள் என்பது அந்தக் குழு காட்டிய கணக்கு. விடுதலைக்குப் பின் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம், முதல் இரண்டு வகுப்புகளையும் இடையில் தடையில்லாத ஒரே அலகாகக் கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தப் பின்னணியில்தான். கட்டாயத் தேர்ச்சி 2009-இல் வானத்திலிருந்து விழவில்லை.

8. ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் அடித்தளம் உறுதியாகும் என்பது பொது அறிவுதானே? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படிக் காட்டவில்லை. 1989-இல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 54-இல் நிறுத்தி வைத்ததன் விளைவு பாதகமாகவே இருந்தது. 1990-களில் வெளியான 20 ஆய்வுகளை 2001-இல் தொகுத்த ஜிமர்சனும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். உருகுவே நாட்டில் நடுநிலை வகுப்புகளை ஆராய்ந்த மனகோர்டா, தோற்று அதே வகுப்பில் இருக்க நேர்ந்த பிள்ளைகள் படிப்பைக் கைவிடுவது கூடியதாகவும், சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் அவர்கள் குறைவான வகுப்புகளையே முடித்திருந்ததாகவும் கண்டார்.

ஆசிரியர்களின் நேரடி அனுபவம் இதற்கு மாறாக இருப்பது ஏன் என்பதையும் விளக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் முறை உட்கார்ந்த பிள்ளை, அந்த ஆண்டின் மற்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு வயது மூத்தது. அதே பாடத்தை முன்பே ஒருமுறை கேட்டது. எனவே மதிப்பெண் ஏறுகிறது, ஆசிரியருக்கும் நிறைவாக இருக்கிறது. சரியான ஒப்பீடு வேறு. அதே வயதில், அதே நிலையில் இருந்து, ஆறாம் வகுப்புக்கு அனுப்பப்பட்ட இன்னொரு பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது தொடக்கத்தில் தெரியும் முன்னேற்றம் இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைந்துவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

எந்த வயதில் நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1996-இல் மூன்று, ஆறு, எட்டு ஆகிய வகுப்புகளில் தேர்வுத் தடைகளை ஏற்படுத்தியது. தேர்வுக் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்ட ஜேக்கப், லெஃப்கிரென் ஆகியோர், ஆறாம் வகுப்பில் நிறுத்தி வைத்தது பள்ளிப்படிப்பை முடிப்பதைப் பாதிக்கவில்லை என்றும், எட்டாம் வகுப்பில் நிறுத்தி வைத்தது இடைநிற்றலைக் கூட்டியது என்றும் கண்டார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வேலைக்குப் போகும் வழி கண்ணில் பட்டுவிடுகிறது. நம் திருத்தச் சட்டம் தேர்ந்தெடுத்திருக்கும் இரண்டு வகுப்புகளில் ஒன்று எட்டு என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

9. புளோரிடாவிலும் மிசிசிப்பியிலும் மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்ததால் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள் என்று படித்தேனே?

கட்டாயத் தேர்ச்சிக்கு எதிரான வாதங்களிலேயே வலுவானது இது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் குறைந்தபட்ச நிலையை எட்டாத பிள்ளையை நிறுத்தி வைக்கும் சட்டத்தை புளோரிடா 2002-இலும் மிசிசிப்பி 2013-இலும் கொண்டுவந்தன. அமெரிக்காவின் கடைசி வரிசையில் இருந்த மிசிசிப்பியின் நான்காம் வகுப்பு வாசிப்பு, 2019-க்குள் தேசிய சராசரியை எட்டியது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த மாநிலங்கள் தடையை மட்டும் வைக்கவில்லை. மழலையர் வகுப்பிலிருந்தே ஆண்டுக்குப் பலமுறை ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் சோதித்தன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தன. பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பின. நிறுத்தி வைத்த பிள்ளைக்கும் பழைய பாடத்தை அப்படியே மறுபடி நடத்தாமல், நாள்தோறும் கூடுதல் வாசிப்பு நேரம் கொடுத்தன. புளோரிடாவின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ஒரே வயதில் ஒப்பிட்டால் ஆரம்ப முன்னேற்றம் மெல்ல மறைந்தது. பிற்கால வகுப்பு மதிப்பெண் சற்றுக் கூடியது. பள்ளிப்படிப்பை முடிப்பவர் எண்ணிக்கை மாறவில்லை. அந்தக் கூடுதல் உதவிகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, தடையை நீக்கிவிட முடியாதா என்பதே என் கேள்வி. உதவி இல்லாமல் தடையை மட்டும் கடன் வாங்குவது எளிது, செலவும் இல்லை. அதனால்தான் அதைக் கண்டு அஞ்சுகிறேன்.

10. மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஜப்பானும் நார்வேயும் கட்டாயக் கல்விக் காலத்தில் பிள்ளைகளை வயதுக்கேற்ப மேலே அனுப்பிவிடுகின்றன. பிரான்சில் நெடுங்காலம் நிறுத்தி வைப்பது மிகச் சாதாரணமாக இருந்தது. 2014-இல் அந்த நாடு அதை விதிவிலக்கான நடவடிக்கையாகச் சுருக்கியது. பல நாடுகளின் மாணவர் திறனை ஒப்பிடும் பீசா ஆய்வின் 2012-ஆம் ஆண்டுச் சுற்றில், வளர்ந்த நாடுகளின் 15 வயது மாணவர்களில் சராசரியாக 12 சதவீதம் பேர் ஒருமுறையேனும் அதே வகுப்பில் இருந்தவர்கள் என்று தெரிந்தது.

11. ஆல் பாஸ் வந்த பிறகுதானே அரசுப் பள்ளித் தரம் விழுந்தது?

ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் அசர் ஆய்வு 2005-இல், அதாவது சட்டத்துக்கு முன்பே, தொடங்கியது. சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே, நாடு முழுவதும் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களில் பாதியைச் சற்றே தாண்டியவர்கள்தாம் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். 2010-க்குப் பிறகு அது பாதிக்குச் சற்றே கீழே இறங்கியது. இறங்கியது உண்மை. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளுக்கு மாறியதும் அதே ஆண்டுகளில்தான். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. கட்டாயத் தேர்ச்சிக்கு முன்பும் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் அந்தப் பாடத்தை வாசிக்கத் தெரியாமல்தான் இருந்தார்கள். அப்படியிருக்க, அதை நீக்குவது மட்டுமே அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

12. பெயில் என்ற பயமே இல்லாவிட்டால் பிள்ளை எதற்குப் படிக்கும், பெற்றோர் எதற்குக் கவலைப்படுவார்கள்?

கட்டாயத் தேர்ச்சி வந்த பிறகு சில பெற்றோரின் அக்கறை குறைந்தது என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் ஒதுக்கிவிடவில்லை. எப்படியும் பாஸ் என்று தெரிந்ததும் திருவிழாவுக்கும் அறுவடைக்கும் பிள்ளையைப் பல நாட்கள் நிறுத்திக்கொள்ளும் வீடுகள் உள்ளன. அதற்குத் தீர்வு, மே மாதத்தில் ஒரு சொல்லால் தண்டிப்பது அல்ல. ஆண்டின் நடுவிலேயே வீட்டாரிடம், "உங்கள் பிள்ளைக்கு இந்தப் பக்கத்தை வாசிக்க வரவில்லை" என்று பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் காட்டுவது பலன் தரும். மதிப்பெண் பட்டியலைப் புரிந்துகொள்ளாத பெற்றோரும் தம் பிள்ளை தடுமாறுவதைக் கண்ணால் கண்டால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

பயம், கொஞ்சம் முயன்றால் தேறிவிடும் நிலையில் உள்ள பிள்ளையைத் தூண்டலாம். எழுத்தே தெரியாத பிள்ளையிடம் அது வேலை செய்யாது. எதைப் படிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத இடத்தில் பயம் பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் செய்கிறது.

13. ஒன்பதாம் வகுப்பில் என் மகனை பெயில் போட்டுவிட்டார்கள். டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் வருத்தும் கேள்வி இதுதான். கேள்வி 1-இல் சொன்ன பாதுகாப்பு எட்டாம் வகுப்புடன் முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சியைப் பள்ளியே முடிவு செய்கிறது. எட்டு ஆண்டுகளாகத் தீர்க்கப்படாத இடைவெளி முழுவதும் இங்கே வந்து மோதுகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை வைக்க விரும்பும் பள்ளிகள், ஒன்பதிலேயே பிள்ளைகளை வடிகட்டுகின்றன. சிலரை அதே வகுப்பில் வைக்கிறார்கள், சிலரை வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள், சிலரைத் தனித்தேர்வராக எழுதச் சொல்கிறார்கள். பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் கொண்டு அதன் தரத்தை அளக்கும் நம் அனைவருக்கும் இதில் பங்கு உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை சில. மாற்றுச் சான்றிதழ் கேட்டு நீங்களாக விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், பெற்றோர் விரும்பி வாங்கிச் சென்றதாகப் பதிவாகிவிடும். எந்தப் பாடங்களில், எத்தனை மதிப்பெண்ணில் தேறவில்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பாடங்களுக்கு மட்டும் மறுதேர்வு வைக்க வேண்டுங்கள். பள்ளி மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரையோ முதன்மைக் கல்வி அலுவலரையோ அணுகலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பிலோ அதற்குக் கீழோ இருந்து, டிசி வாங்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தால் அது நேரடியாகச் சட்ட மீறல்.

14. பிள்ளை ரொம்பப் பின்தங்கியிருக்கிறான். நாங்களே கேட்டுக்கொண்டால் அதே வகுப்பில் வைப்பார்களா?

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை இயலாது. அந்த உரிமை பிள்ளையுடையது. பெற்றோர் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கக் கூடியது அல்ல. ஆறு வயதுக்குக் குறைந்த மழலையர் வகுப்புகள் இந்தப் பிரிவின் கீழ் வருவதில்லை. வயது நிரம்பாததால் யுகேஜியில் இன்னும் ஓராண்டு வைப்பது வேறு விஷயம்.

15. மகளுக்கு டிஸ்லெக்சியா இருக்குமோ என்று சந்தேகம். நிறுத்தி வைத்தால் நல்லதா?

நல்லதல்ல. எழுத்துகளை அடையாளம் காண்பதில் உள்ள குறைபாடு, அதே பாடத்தை அதே முறையில் மறுபடி நடத்துவதால் நீங்காது. முதலில் தகுந்த மதிப்பீட்டைச் செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளைக் கோரலாம். நீண்ட நோயாலோ இடம்பெயர்ந்ததாலோ படிப்பு விட்டுப்போன பிள்ளைக்கு வேறு வழி உண்டு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசக் கல்வி உண்டு.

16. நான் ஆறாம் வகுப்பு ஆசிரியர். நாற்பது பேரில் எட்டுப் பேருக்கு எழுத்தே தெரியவில்லை. பாடத்தையும் முடிக்க வேண்டும். என்னதான் செய்வது?

கேள்வி 6-இல் நான் சொன்னவை உங்களைக் குற்றஞ்சாட்டுவதாகத் தோன்றியிருக்கலாம். தனி ஓர் ஆசிரியரால் இதைச் சுமக்க முடியாது என்பதை அறிவேன். வகுப்பைப் பார்க்காமல், நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கி, நாளில் குறிப்பிட்ட நேரம் அந்த நிலைக்குரியதை மட்டும் கற்பிப்பது பலன் தருவதாகப் பல சோதனைகளில் உறுதிப்பட்டிருக்கிறது. பிரதம் என்ற தொண்டு அமைப்பு இந்தியாவின் பல மாநிலங்களில் செய்துகாட்டிய முறை அது.

தமிழ்நாட்டிலும் இந்த வழி புதிதல்ல. செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்றல் ஏணியின் படிகளை ஏறியது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்படுகிறார்கள். 2025-26-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காகத் திறன் திட்டம் வந்துள்ளது. இந்தத் திட்டங்களுக்கான நேரத்தைப் பாடம் முடிக்கும் அவசரம் விழுங்காமல் பார்த்துக்கொள்வது தலைமையாசிரியரின் பொறுப்பு. பதிவேற்ற வேலைகளைக் குறைத்து அந்த நேரத்தை ஆசிரியருக்குத் திருப்பித் தருவது துறையின் பொறுப்பு.

17. தேறாதவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி கொடுத்து மறுதேர்வு வைப்பது நியாயமான நடுவழிதானே?

பயிற்சி நல்லது, அது ஏன் மே மாதத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் என் மறுப்பு. ஐந்து ஆண்டுகளில் வராதது இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றால், அந்த இரண்டு மாதப் பயிற்சியை இரண்டாம் வகுப்பிலேயே கொடுத்திருக்கலாம். வராது என்றால், மறுதேர்வு பிள்ளையின் தோல்வியை இரண்டாம் முறை பதிவு செய்வதோடு நின்றுவிடும். கோடை விடுமுறையில் அந்தப் பயிற்சியை யார் நடத்துவார்கள், இடம்பெயர்ந்து போன பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும் என்பவற்றுக்கும் விடை வேண்டும்.

18. எட்டு வரை பெயில் கூடாது என்றால், பத்தாம் வகுப்பில் மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு ஒரு சான்றிதழைத் தருகிறது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் அதைப் பார்த்து மூன்றாமவர் முடிவெடுக்கிறார்கள்; எனவே அதற்கென ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி அப்படி யாருக்கும் எதற்கும் சான்று அல்ல.

அந்தப் பத்தாம் வகுப்பிலேயே நாம் என்ன செய்கிறோம் என்பதையும் கவனியுங்கள். ஒரு பாடத்தில் தவறியவர் ஆண்டு முழுவதும் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தவறிய பாடத்தை மட்டும் சில வாரங்களில் துணைத் தேர்வாக எழுதி, அந்த ஆண்டிலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர முடிகிறது. பதினைந்து வயது மாணவருக்குத் தவறியதை மட்டும் சரிசெய்துகொள்ள வழி கொடுத்திருக்கும்போது, பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் தேறிய பாடங்களையும் சேர்த்து முழு ஆண்டையும் மறுபடி படிக்கச் சொல்வதற்கு எந்த நியாயத்தையும் என்னால் காண முடியவில்லை.